இடது கதவு

காப்பீட்டு நிறுவனம் கேட்டது ஒரே ஒரு படம்:
இடிபட்ட கதவு, பகல் வெளிச்சத்தில், நேராக.
எடுத்தேன்.
லியெபாயாவில் நவம்பர் வெளிச்சம்
நான்கு மணிக்குள் திருப்பித் தரவேண்டிய கடன்.

நீலக் கதவு. நடுவில்
ஓயார்ஸின் வேன் பின்னுக்கு வந்து
வைத்துவிட்டுப் போன பள்ளம்.
பள்ளத்தின் விளிம்பில் அவன் வண்டியின் சிவப்பு,
தீக்குச்சி கிழித்த மாதிரி.
கதவின் பளபளப்பில் நான்,
கம்பளித் தொப்பியும் தூக்கிப் பிடித்த கைபேசியுமாக.

படம் கொஞ்சம் இருட்டு.
வெளிச்சத்தை ஏற்றலாம் என்றுதான் கணினியில் திறந்தேன்.
அவ்வளவுதான். சத்தியமாக.

பேக்கரியில் இரவு வேலை முடித்து வருகிறவளுக்குக்
காலை ஒன்பது மணிதான் நள்ளிரவு.
தூக்கம் வரவில்லை.
ஃபில்டர் பட்டியல் கீழே கீழே நீண்டுகொண்டிருந்தது.
'சுழல்' என்று ஒன்று. அழுத்தினேன்.

பள்ளம் அசைந்தது.
ரை மாவுக்குள் இயந்திரக் கொக்கி இறங்கியதுபோல்
நீலம் திரும்பியது, சிவப்பை இழுத்துக்கொண்டு.
நானூறு டிகிரி. ஐந்நூறு.
எழுநூற்று இருபதில்
கதவு என்கிற எண்ணமே கரைந்துபோயிற்று.

நகலெடுத்தேன். இடவலமாகப் புரட்டி மேலே வைத்து
வெளிறியதை மட்டும் காட்டு என்றேன்.
இரண்டு பள்ளங்களும் எதிரெதிரே நின்று
சிறகு விரித்தன.
இன்னொரு நகல், தொண்ணூறு டிகிரியில்.
இன்னொன்று, அதில் பாதி.
நடைபாதைக் கல்லும் டிராம் தண்டவாளமும்
நேராக இருந்து அலுத்தவை மாதிரி வளைந்து கொடுத்தன.
என் தொப்பிக் குஞ்சம்
எட்டு வெண்புள்ளிகளாய் ஓரமெங்கும்.

முகத்தைத் தேடினேன்.
இருநூறு விழுக்காட்டில், பிறகு நானூறில்.
சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அதுவாக இருக்கலாம்.
வருத்தமில்லை,
பாஸ்போர்ட்டிலும் நான் அப்படித்தான்.

பிறகு சட்டம் போட்டேன்.
விளிம்பில் நாற்பது பிக்ஸல் ஒதுக்கி,
மர இழை நிரப்பி, ஓரம் சீவினேன்.
நிழல் வேண்டுமா என்றது. வேண்டும்.
வெளிச்சம் எந்தப் பக்கம்?
நூற்றிருபது டிகிரி என்றேன்.
இல்லாத விளக்கிலிருந்து
இல்லாத மரத்தைத் தாண்டி
விழ வேண்டிய இடத்தில் விழுந்தது நிழல்.
உள்ளே வெள்ளைப் பட்டை. அதற்குள் தங்கக் கோடு.
தங்கக் கோடு அதிகம்தான். விட்டுவிட்டேன்.

சேமித்தேன்.
அதே பெயரில்,
அதே படத்தின் மேல்.

பின்னோக்கிப் போக இருபது படிகள்தான் உண்டாம்.
நான் வந்திருந்தது அறுபத்து மூன்று.
நிழல் போயிற்று, தங்கம் போயிற்று,
மரம் போயிற்று, ஒரு ஜோடிச் சிறகு போயிற்று.
அதற்கும் முன்னால் கதவு இருந்ததாகத்
தெரியாது என்றது கணினி.
கைபேசியில் இடமில்லையென்று
அதையும் துடைத்து வைத்திருந்தேன்.

புதிதாக எடுக்கலாமே என்பீர்கள்.
கீழே இறங்கினேன்.
நான் விழித்திருந்த அந்த மூன்று மணி நேரத்தில்
குற்ற உணர்வு தாங்காத ஓயார்ஸ்
ரப்பர் சுத்தியலால் உள்ளிருந்து தட்டித் தட்டி
பள்ளத்தை வெளியேற்றி
ஏறக்குறைய அதே நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தான்.
நெற்றியிலும் நீலம்.
"பார், ஒன்றுமே நடக்காத மாதிரி!"
ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருந்தது.

மேலே வந்து, இருபது படியும் மறுபடி முன்னேறி,
இருந்ததை அனுப்பினேன்.
ஒன்பதாம் நாள் பதில்:
"மதிப்பிற்குரிய விஸ்மா அவர்களுக்கு,
இணைப்பு கிடைத்தது.
இது வாகனத்தின் எந்தப் பகுதி?"
கீழே, குன்டார்ஸ் என்று கையெழுத்து.
இடது, என்று எழுதினேன்.
அதற்குப் பிறகு பேச்சில்லை.

சந்தை அருகிலுள்ள கடையில் பெரிதாக அச்சிட்டு
மாடிப்படித் திருப்பத்தில் ஒட்டினேன்.
ஓயார்ஸ் குப்பைப் பையோடு நின்று
வெகுநேரம் பார்த்தான்.
"இந்தச் சிவப்பு என்னுடையது" என்றான்.
பிறகு ஓரத்தை விரலால் தடவி,
விரலைப் பார்த்து,
"மரமா?" என்றான்.